இரண்டு நீலச் சட்டைகளும் என் வயிற்றெரிச்சலும்

அன்பிற்கினிய நாத்தனாருக்குப் பெரியண்ணி எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே அனைவரும் சுகம். உன் வீட்டாரும் சுகமாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அடுத்த மாதம் நீ வருவதாகவும், ஆறு வருஷத்துக்கு முன் அண்ணன்மார் இருவருக்கும் நீ எடுத்துக்கொடுத்த நீலச் சட்டைகளை அவர்கள் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். மாடி வீட்டில் உன் சின்னண்ணன் சட்டை நேற்றுக் கடையிலிருந்து வந்தது போல இருக்கிறது. கீழ்வீட்டில் உன் பெரியண்ணன் சட்டை, நீலம் என்று நாமாகச் சொன்னால்தான் நீலம். ஒரே கடை, ஒரே துணி. சின்னவர் எப்போதாவதுதான் போடுகிறார் போலும் என்று நினைத்துவிடாதே. எந்தத் துணி எத்தனை தடவை தண்ணீர் கண்டது என்று நான் நோட்டில் குறித்து வைப்பது உனக்குத் தெரியும். மொட்டைமாடிக் கொடியைப் பார்த்துப் பார்த்து அவர்கள் சட்டைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். நம்முடையது இருநூற்றுப் பன்னிரண்டு துவைப்பு. அவர்களுடையது இருநூற்றுப் பதினெட்டு. ஆறு அதிகம்! பொறாமை பாவம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினால் சாமிக்கு முன்னால் அந்தச் சட்டை வந்து நிற்கிறதே, நான் என்ன செய்வேன்?

போன மாதம் வெட்கத்தை விட்டு உன் சின்னண்ணியிடமே கேட்டேன். அவள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே, "இதுல என்னக்கா பெரிய வித்தை? உள்பக்கத்த வெளிய திருப்பிப் போடணும், பச்சத்தண்ணி, பாதி சோப்பு, நிழல்ல காயணும். மத்ததெல்லாம் கைராசிக்கா" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் செரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கொதிக்கக் கொதிக்க ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் வறுத்தெடுத்தவள் நான். அழுக்குப் போக வேண்டும் என்று பார்த்தேனே ஒழிய, துணி மிஞ்ச வேண்டும் என்று பார்க்கவில்லை.

சரி, நாமும் செய்து பார்ப்போம் என்று சட்டையைத் திருப்பித் துவைத்தேன், திருப்பினபடியே காய்ந்தது, திருப்பினபடியே மடித்தும் வைத்துவிட்டேன், உன் அண்ணன் அவசரத்தில் அப்படியே மாட்டிக்கொண்டு ஆபீஸ் போய்ச் சாயங்காலம் லிஃப்ட் கண்ணாடியில்தான் பார்த்தாராம், "பொத்தான் உள்ள இருந்துச்சேம்மா, புது மாடல்னு நெனச்சேன்" என்கிறார். நிழலில் காயட்டும் என்று படுக்கையறைக் கதவில் மாட்டினால், காலையில் மூக்குக்கண்ணாடி போடாமல் எழுந்தவர் "வாடா தம்பி, எப்ப வந்தே?" என்று அதைக் கட்டிக்கொண்டு நனைந்து ஒரு வாரம் தும்மினார். சாயம் நிற்க ஒரு மூடி வினிகர் ஊற்றச் சொன்னாள் எதிர்வீட்டு டீச்சர்; கூடுதலாக ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று ஒரு பாட்டில் ஊற்றினேன், அதைப் போட்டுக்கொண்டு போன அன்றைக்கு, அந்த வாடைக்கு மீட்டிங்கில் அவர் பக்கத்து நாற்காலி காலி. அந்தக் கோபத்தில்தான் சொன்னார்: "என் தம்பி சட்டையப் போய்ப் பாரு. அந்தம்மா கைக்குத் தங்கக் காப்பு போடலாம்." எனக்குப் போட்ட காப்பு எத்தனை என்று கேட்க வாய் வரை வந்தது, சாமி பெயரைச் சொல்லி விழுங்கிவிட்டேன்.

ஆகவே உன்னைக் கேட்பது ஒன்றுதான். போட்டோ வேண்டாம் என்று நீயாகவே சொல்லிவிடு. கேமரா கெட்டுப்போச்சு, கண் கூசுது, எதையாவது சொல்லு. அந்த இரண்டு சட்டையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், போட்டோ இருக்கிற காலம் வரைக்கும் அவள் கைராசிக்காரி, நான் துவைக்கத் தெரியாதவள்.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டு உடுப்புகள் சாயம் போகாமலும், உடுத்துகிறவர்கள் நோய்நொடி இல்லாமலும் நெடுங்காலம் உழைக்க ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கொடியை ஒரு தடவை பார்த்து வரலாம் என்று மாடிக்குப் போனேன். போர்வை மறைவில் நின்று அந்த நீலச் சட்டையை உதறி, காலரை நீவி, நிழல் பக்கமாக மாட்டிக்கொண்டிருந்தது உன் சின்னண்ணன்! என்னைப் பார்த்ததும் வாயில் இருந்த கிளிப்பை எடுத்தார். "அண்ணி, சத்தம் போடாதீங்க. அவளுக்குத் துவைக்கவே வராது. கல்யாணம் ஆன நாள்லேருந்து நான்தான். பேரு அவளுக்கே இருக்கட்டும், சந்தோஷப்படறா" என்றார். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். எழுதுவது சொல்வதில் சேராது. அவள் கை மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷமே போய்விட்டது. அதைவிடப் பத்து மடங்கு இப்போது வேறு இடத்தில் எரிகிறது. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. போட்டோ கட்டாயம் எடு, அண்ணன்மாரை நன்றாக வெளிச்சத்தில் நிறுத்தி எடு. துவைக்கிற வேலையை இன்றோடு உன் பெரியண்ணனிடம் ஒப்படைத்தாயிற்று. இதோ, உள்ளே இருந்து கேட்கிறார்: "ஏம்மா, நம்ம வீட்ல சோப்புத்தூள் எங்க இருக்கும்?"