பதினேழு இடங்களில் நின்ற வண்டி

ஸ்ரீபெரும்புதூர்
20-8-1978

மரியாதைக்குரிய மச்சான் பலராமன் அவர்களுக்குத் தாண்டவராயன் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நான் சௌக்கியம், உங்கள் தங்கை கனகம் சௌக்கியம், மழை சுமார். ஜபல்பூரில் தாங்களும் வீட்டில் அனைவரும் சுகமாயிருக்க ஆதிகேசவப் பெருமாளை வேண்டிக்கொண்டிருக்கிறோம். வண்டியின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் போன மாதம் எழுதிய கடிதமும் அதில் கேட்டிருந்த பதினோரு கேள்விகளும் கிடைத்தன. கடைசிக் கேள்வி, ஓட்டுகிறவருக்கு ஓட்டத் தெரியுமா என்பது. அதற்குப் பதில் எழுதுவதாக இல்லை. மற்றவற்றுக்கு எழுதுகிறேன். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைத் தாங்கள் போன வருஷம் விடுமுறையில் வந்தபோது, கனகம் பிரசவம் பார்க்க ஊர் ஊராய் நடக்க வேண்டாம், நான் பின்னால் வைத்து அழைத்துப் போகட்டும் என்று எனக்கு விட்டுப் போனீர்கள். முதல் நான்கு மாதம் ஒரு குறையுமில்லை. தையில் கை பழகிவிட்டது, மணிக்கு முப்பது மைல், முப்பத்தைந்து மைல் வேகத்தில் போக ஆரம்பித்தேன், பிறகுதான் இந்தத் தொல்லை. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று கத்தரியால் நூலை வெட்டினாற்போல இஞ்சின் சத்தம் அறுந்துபோகும். திணறுவதில்லை, இருமுவதில்லை, முன்கூட்டி ஒரு அறிகுறி கிடையாது. பெட்ரோல் அடைப்பாக இருந்தால் திணறித் திணறித்தான் நிற்கும், இப்படிப் பட்டென்று நின்றால் அது கரண்ட் கோளாறுதான் என்று தாங்கள் எழுதியிருந்தது சரி. ஆனால் கனகத்தை இறக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றி இஞ்சின் தலையில் வைத்து உதைத்தால் நீலமாகப் பொறி பறக்கிறது. இதில் என்னைக் குழப்பியது என்னவென்றால், நான் எதைச் செய்தாலும் அது பலித்தது. பிளக்கைத் துடைத்தேன், கிளம்பியது. அடுத்த முறை பொறிக்குக் கரண்டை வெட்டிவிடும் பாயிண்டை ஊதினேன், கிளம்பியது. அதற்கடுத்த முறை ஒன்றுமே செய்யாமல் கோபமாக நின்றேன், அதற்கும் கிளம்பியது.

மெக்கானிக் சின்னப்பையனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவருக்கு அறுபது வயது. பெயர் அப்படி, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வேப்பமரத்தடியில் கடை. தாங்கள் சொன்னபடி பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார், பாட்டரி முனைகளைச் சுரண்டினார், இஞ்சின் சூடானால் கண்டன்சர் கைவிடும் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பட்டணத்திலிருந்து புதிதாக வரவழைத்துப் போட்டார். கரண்டை ஏற்றிக் கொடுக்கும் காயில் சூடேறினால் கெடும் என்பதற்காக அதன்மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். ஊரில் வண்டிக்குக் காய்ச்சலா என்று கேட்டார்கள். அந்த வாரத்திலும் இரண்டு முறை நின்றது, அதில் ஒரு முறை வீட்டிலிருந்து புறப்பட்டு இரண்டு பர்லாங்கில், இஞ்சின் சூடாகுமுன்பே. ஆகையால் சூட்டுக் கோளாறு என்பதும் அடிபட்டுப் போயிற்று. ஒவ்வொரு முறையும் கடைக்கு நான் ஓட்டிக்கொண்டு போவேன், சின்னப்பையன் வாங்கிக்கொண்டு தண்டலம் வரை போய்த் திரும்புவார், வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியிருக்கும்.

"நான் ஓட்டினா ஓடிகினே கீது சார். உன்னாண்ட மட்டும் இன்னாத்துக்கு நிக்குது?" என்பார்.

நான் முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவன். புரியாத நிலத்தை முதலில் படமாக வரைய வேண்டும் என்பது எங்கள் தொழில். ஆகவே ஒரு பெரிய தாளில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை, இன்னொரு பக்கம் ஒரகடம் வரை பாதைகளை வரைந்து, வண்டி நின்ற இடத்திலெல்லாம் சிவப்பு மையால் புள்ளி வைத்து, தேதியும் மணியும் எழுதினேன். ஏழு மாதத்தில் பதினேழு புள்ளிகள். தண்டலம் வளைவில் மட்டும் நான்கு. அங்கே மின்சாரக் கம்பி தலைக்கு மேல் குறுக்கே போகிறது, அதனால் இருக்குமோ என்று யோசித்தேன். எதிரே டீக்கடை வைத்திருக்கும் சுப்பராயன், "கம்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். அங்க ஒரு முனி கீது. ஒரு எலுமிச்சம்பழம் வெச்சிட்டுப் போ" என்றார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லையென்று தங்களுக்குத் தெரியும். வைத்தேன். மூன்று நாள் நிற்கவில்லை. நான்காம் நாள் அதே முனியின் எதிரில் நின்றது.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் போன மாதம் இருபத்தாறாம் தேதி நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. காலை பத்து மணிக்கு ஒரகடத்திலிருந்து ஆள் வந்து, கிளியம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது, குழந்தை திரும்பியிருக்கிறாற்போல் தெரிகிறது, நர்சம்மா உடனே வரணும் என்றான். கனகம் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். நானும் அவசரத்துக்கு ஏற்ற வேகத்தில் போனேன். மாத்தூர் தாண்டி ஒரு பள்ளத்தைப் பார்க்காமல் இறக்கி ஏற்றினேன், வண்டி நின்றுவிட்டது. நான் இறங்கிப் பிளக் சாவியைத் தேடினேன். கனகம் ஒரு நிமிஷம் பார்த்தாள். பின்னால் எருக்கூடை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, கூடைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க பொறுமையாப் பாத்துகினு வாங்க. கொழந்த காத்துகினு இருக்காது" என்று மட்டும் சொன்னாள்.

மாட்டு வண்டி அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு உதை விட்டேன். கிளம்பிவிட்டது. ஓட்டிப் போய் மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஏறு என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். வழியில் இன்னொரு தடவை நிற்பதற்கு அவளுக்கு நேரமில்லை. ஆகையால், மச்சான், மாட்டு வண்டி முன்னால் போக, நான் மோட்டார் சைக்கிளில் முதல் கியரில் அதன் பின்னால் ஒன்றரை மைல் ஊர்வலமாகப் போனேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஊருக்கு அரை மைல் இருக்கும்போது அவளுக்கே பொறுக்கவில்லை, இறங்கி வந்து ஏறிக்கொண்டாள். ஏரி மதகுத் திருப்பத்தில் நின்றது. மீதி தூரம் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். நாற்பத்தெட்டு வயதில் அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. குழந்தை காலால் வந்துகொண்டிருந்ததாம், இன்னும் கால் மணி தாமதித்திருந்தால் என்று சொல்லிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நான் அந்த வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். உள்ளே குழந்தை அழுத சத்தம் கேட்டபோதுதான் எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, இந்த வண்டி தனியாகப் போனால் நிற்பதில்லை. இரண்டாவது, கனகம் ஏறினால் நிற்கிறது. மெக்கானிக் கடைக்குப் போகும் கொஞ்ச தூரம் தவிர நான் தனியாக வண்டியை எடுப்பதில்லையாகையால் இத்தனை மாதம் இது தெரியவில்லை.

இதைச் சின்னப்பையனிடம் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "அப்போ பாரத்துல சீட்டு அமுங்கி எங்கியோ கம்பிய இடிக்குது. அம்மா எத்தினி கிலோ சார் இருப்பாங்க?" என்று கேட்டார். வாழ்நாள் முழுதும் அளந்தவன் நான், எதை அளக்கக் கூடாது என்றும் எனக்குத் தெரியும். அவரே மதிப்புப் போட்டு, அரிசி மண்டியிலிருந்து ஒரு மூட்டையைக் கொண்டுவந்து பின்சீட்டில் கட்டி ஓட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. பிறகு மூட்டையை இறக்கிவிட்டுத் தானே ஏறிக்கொண்டு என்னை ஓட்டச் சொன்னார். நிற்கவில்லை. அதற்குள் கடைத்தெருவில் செய்தி பரவிவிட்டது. நர்சம்மாவுக்குப் பதிலாக மூட்டை கட்டிப் பார்க்கிறார்கள் என்று யாரோ மருத்துவமனையிலேயே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டு வேளைக்கு வீட்டுக்கு வந்தவள், எனக்குச் சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி, "மூட்டை இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை, மச்சான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கை கழுவிக்கொண்டு வந்து, "சரி, வாங்க. நானே வர்றேன்" என்றாள்.

கடைவாசலில் ஸ்டாண்டில் நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டு அவளை உட்காரச் சொன்னார் சின்னப்பையன். ஓடியது. பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஓடியது. "அப்போ ரோட்டுல போனாத்தான் தெரியும். நீ ஓட்டு சார், நான் சைக்கிள்ல பின்னாலயே வர்றேன்" என்று ஏறி மிதித்தார். பெங்களூர் ரோட்டில் திரும்பி ஒரு பர்லாங் போயிருப்போம், எதிரே ஒரு லாரி இன்னொரு லாரியை முந்திக்கொண்டு வந்தது. நான் வழக்கம்போல இரண்டுக்கும் ஓரத்துக்கும் நடுவில் நுழைந்தேன். வண்டி நின்றது.

"அம்மா, ஆடாத. கை எடுக்காத. அப்பிடியே உக்காந்துகினு இரு" என்று பின்னாலிருந்து சின்னப்பையன் கத்தினார். சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து ரோட்டோரத்தில் மண்டியிட்டுப் பார்த்தார். கனகம் இடது கையால் பையை அணைத்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் தெரிந்த நர்சம்மா, பொது ரோட்டில் என் தோளைப் பிடிக்க மாட்டாள். வலது கையால் சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புக் குழாயைப் பிடித்திருந்தாள், விரல்கள் வெளுக்கும் அளவுக்கு. அந்தக் குழாயை ஒட்டித்தான் காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் கம்பி போகிறது. குழாயை ஒட்டிய பக்கம் மேலுறை உரிந்து செம்பு தெரிகிறது. இறுக்கிப் பிடித்தால் செம்பு இரும்பில் படும், கரண்ட் பிளக்குக்குப் போகாது, இஞ்சின் செத்துப்போகும். கையை எடுத்தால் கம்பி விலகும், உதைத்தால் கிளம்பும்.

"கோளாறு கம்பிலதான் சார்" என்றார் சின்னப்பையன். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா அம்மா சும்மா புடிச்சா நிக்கல பாரு. பயந்து புடிச்சாத்தான் நிக்குது" என்றார்.

நான்கு விரற்கடைக் கம்பியை வெட்டிவிட்டுப் புதுசு போட்டு, ரப்பர் குழாயில் நுழைத்து, வேறு பக்கமாகத் திருப்பிக் கட்டினார். பத்து நிமிஷ வேலை.

சாயங்காலம் கனகம் கிணற்றடிக்குப் போயிருந்தபோது படத்தைத் தாழ்வாரத்தில் விரித்து வைத்துப் பார்த்தேன். தண்டலம் வளைவு, நான் சாய்த்து ஓட்டும் இடம். செம்பரம்பாக்கம் கரை, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம், அங்கே எனக்கு நாற்பது மைல் வேகத்தில் போகப் பிடிக்கும். நின்ற மணிகளைப் பார்த்தால் லாரிகள் அதிகமாகப் போகும் மணிகள். பதினேழு புள்ளியும் அவள் பயந்த இடங்கள். என் கையாலேயே சிவப்பு மையில் குறித்து, தேதியும் போட்டு வைத்திருக்கிறேன். அவள் குடத்தோடு வந்தபோது, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஓட்டறத வுட்டுடுவீங்க" என்றாள். "ரிட்டயராகி வந்துட்டு ஆறு மாசம் சொவத்தப் பாத்துகினு உக்காந்திருந்தீங்க. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட காதுல வுழாது. எங்கண்ணன் வண்டி வந்த அப்புறம்தான் காலைல எழுந்து மொகம் கழுவுனீங்க. லாரிக்கு நான் பயந்துக்கறேன், போவுது."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு இல்லை என்பதை மட்டும் தங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

ஆகையால் வண்டியின் மீதும், வண்டியைக் கொடுத்த தங்கள் மீதும் இந்த ஏழு மாதம் நான் சொன்ன வார்த்தைகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கோளாறு முழுதாகத் தீர்ந்துவிட்டது. மேற்கொண்டு ஒரு யோசனையும் எழுத வேண்டியதில்லை. இப்போது இருபது மைலுக்கு மேல் போவதில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், அவளும் நம்பியிருக்கிறாள். தங்கள் முழங்கால் வலி குணமாகவும், குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கவும் வேண்டிக்கொண்டு, பெரியவர்களுக்கு நமஸ்காரமும் சிறியவர்களுக்கு ஆசிகளும் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
தாண்டவராயன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை நேற்று எழுதி உறையில் வைத்திருந்தேன், ஒட்டவில்லை. இன்று காலை சுங்குவார்சத்திரம் போகும் வழியில், முன்னால் போன பஸ் மெதுவாகப் போனதால் அதை முந்தினேன், முப்பது மைல்கூட இருக்காது, வண்டி பட்டென்று நின்றுவிட்டது. திரும்பி வந்து கனகத்தை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேராகச் சின்னப்பையனிடம் போய், புதுக் கம்பி போட்ட வண்டி எப்படி நிற்கும் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "கம்பி நல்லாத்தான் கீது சார். அம்மா முந்தாநேத்து தனியா வந்துச்சு. பின்சீட்டாண்ட கைக்கு எட்றாப்புல ஒரு சுவிட்ச் வெச்சுக் குடுன்னு கேட்டுச்சு. எம் பொண்ணுக்கு ரெண்டு பிரசவம் பாத்த கை, நான் எப்பிடி மாட்டேன்னு சொல்றது?" என்றார். சுவிட்சைக் கழற்றட்டுமா என்றும் கேட்டார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தா.