நிச்சயத் தட்டில் வெடித்த மாதுளை

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைவிட முழுசாகத் தெரிந்த விஷயம்தான் ஆபத்தானது. அரைகுறை என்றால் வாயைத் திறக்கக் கொஞ்சமாவது பயம் இருக்கும். எனக்கு அந்தப் பயம் அடியோடு விட்டுப்போயிருந்த நாளில்தான் என் அக்காவுக்கு நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை வத்திராயிருப்புக்காரர், ராணுவத்தில் ஹவில்தார். மறுநாள் லீவு முடிந்து அவருக்கு ரயில். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கே வேன் பிடித்து வந்துவிட்டார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், பட்டாளத்துக்காரரை அசத்துவதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் உட்கார்ந்து வெடிமருந்துச் சொற்களின் பூர்வீகத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். (யாரும் கேட்கவில்லை.)

"கார்ட்ரிட்ஜ்ங்கிறதே காகிதத்துலருந்து வந்த பேருதான் மச்சான். அந்தக் காலத்துல மருந்தையும் குண்டையும் காகிதத்துல சுருட்டித்தான் வச்சிருந்தாங்க" என்று ஆரம்பித்தேன்.

"அப்படியா மாப்ள" என்றார். மரியாதைக்குச் சொன்னதை நான் கைதட்டலாக எடுத்துக்கொண்டேன்.

"கிரனேடு இருக்குல்லா, அதுக்கு பிரெஞ்சுல மாதுளம்பழம்னு அர்த்தம். முத்து அடைஞ்சிருக்க மாதிரி உள்ள மருந்து அடைச்சிருப்பான். செத்த இருங்க, காட்டுறேன்."

எதிரே அவர்கள் கொண்டுவந்த தட்டு. அதன் உச்சியில் ஒரு மாதுளை. எடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிளந்தேன். நன்றாகப் பழுத்த பழம். அவருடைய அம்மாவின் பட்டுச்சேலை முழுக்கச் சிவப்புச் சாறு. வெற்றிலை மேலெல்லாம் முத்து.

"இன்னும் தட்டே மாத்தல, அதுக்குள்ள பழத்தப் பிச்சுப்புட்டானே!" அந்த அம்மா எழுந்துவிட்டார். "இது சரியா வராது. அடுத்த லீவுல பாப்போம்."

"வேற பழம் வாங்கியாரேன் அத்த..."

"ஏலே, நீ எதையும் தொடாத!" என்று கத்தினார் என் அப்பா.

வேன் போய்விட்டது. அக்கா என்னைத் திட்டவே இல்லை. பட்டுச்சேலையோடு குனிந்து தரையில் சிதறிய முத்துகளைப் பொறுக்கினாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அடுத்த லீவு வர ஒரு வருடம் ஆனது. 'என்னட்டி, நின்னு போச்சாமே' என்று தெருவே கேட்டதற்கெல்லாம் அவள்தான் பதில் சொன்னாள்.

மறு வருடம் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டு நிச்சயமானாலும், தட்டு மாற்றி முடியும்வரை வெளியே செருப்புகளுக்குக் காவல் இருப்பது என் வேலை. மச்சான் போட்ட டியூட்டி. முடிந்ததும் அவரே வாசலுக்கு வந்து, "மாப்ள, சண்ட நின்னுருச்சு, உள்ள வா" என்பார். கூட்டமே சிரிக்கும்.

அக்கா மட்டும் இன்னும் சிரித்ததில்லை.