குப்பி கவிழ்ப்பவர்

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் 'குப்பி கவிழ்ப்பவர்' என்று ஓர் இனம் உண்டு. இவர்கள் தாமாக எதையும் உறைய வைப்பதில்லை. அடுத்தவர் உறைய வைத்ததைத் தலைகீழாகப் பிடித்து, "பாத்தியளா, விழல" என்பதோடு சரி. அதற்கே சுவரில் பொன்னாடைப் படம் பதினேழு.

எங்கள் திருஞானசம்பந்தம் சார் இதில் முதல் தரம். எட்டாவதோடு நின்று, அவர் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் எனக்கே அவர் பேச்சு மனப்பாடம்: அமினோ அமிலத்தில் செய்த கூழ், வயிற்றுப் புளிப்பில் இறுகி நிற்கும், குடலுக்குப் போனதும் இளகி, உள்ளிருக்கும் மருந்தைப் பைய விடும். செய்தவள் மாணவி ரீபா. மருந்து எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று பார்க்க, கூழின்மேல் தண்ணீர் நிறுத்தி, முப்பது நாள் குப்பியை அசைக்காமல் தினமும் அளந்துகொண்டிருந்தாள். அது முடிந்தால் தீசிஸ். தீசிஸ் கொடுத்தால் நாங்குநேரியில் வேலை, மாதக் கடைசிக்குள் சேரவேண்டும்.

இருபத்தேழாம் நாள் முக்கூடல் அரிசி ஆலை முதலாளி அப்பாத்துரை, கல்லூரியைச் சுற்றிப் பார்க்க வந்தார். சார் கை சும்மா இருக்குமா? ரீபாவின் குப்பிக்கு நீண்டது.

"சார், அது வேண்டாம். பத்து நிமிசத்துல வேற குப்பி செஞ்சு தாரேன்" என்றாள் ரீபா.

"இதுலதாம்மா சீட்டெல்லாம் ஒட்டி, பாக்க எடுப்பா இருக்கு."

மேல் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். கவிழ்த்தார். விழவில்லை.

"எங்க வீட்டு மீன்கொழம்பும் மறுநாள் இப்படித்தான்வே நிக்கும்" என்றார் முதலாளி.

மீன்குழம்பிடம் தோற்பாரா சார்? குடலைப் போலப் புளிப்பை முறிக்கும் சோடா உப்புக் கரைசலைச் சொட்டினார். இருபத்தேழு நாள் பிடித்து வைத்திருந்த மருந்தையெல்லாம் கூழ் ஒரே மூச்சில் விட்டுவிட்டது. கைதட்டல். போட்டோ.

எல்லாரும் காபிக்குப் போனபின் ரீபா குப்பியை என்னிடம் நீட்டினாள். "கழுவிருங்க அண்ணாச்சி. நாளைக்கு மறுபடி மொத நாளு."

நாங்குநேரியில் வேறொருத்தர் சேர்ந்துவிட்டார். பேப்பரில் சார் படம் வந்தது, கீழே அவர் வாக்கு: 'பொறுமையே இந்தக் கூழின் பெருமை.'

சிரிக்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்ததும், காய்ச்சலோடு தூங்கிய பிள்ளையை எழுப்பி, "மாமாவுக்கு அந்தப் பாட்டப் பாடிக் காட்டு" என்று நடுவீட்டில் நிறுத்தினீர்களே, அது விழாமல் நின்றதா?