ஒன்பதாவது ஜீப்

ஞாயிற்றுக்கிழமை எட்டு இருபதுக்கு, ஜீப்பின் அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும் வந்தது.

"வேணாம் சார்."

பல்காரர் குனிந்தார். இரண்டு செருப்புகள் தெரிந்தன.

"ஏன்?"

"அடிச்சட்டத்துல துரு."

"எவ்ளோ?"

"துருன்னா துருதான் சார். அதுல என்ன கொஞ்சம், நெறய."

இது நான்காவது வண்டி. முதலாவதில் எண்ணெய் ஒழுகியது. இரண்டாவதில் மீட்டரைத் திருப்பி வைத்திருந்தார்கள். மூன்றாவது புகைந்தது. எல்லாம் மெக்கானிக் சொன்னதுதான். பல்காரரின் கண்ணுக்கு நான்கும் நன்றாகவே இருந்தன. ஆனால் அவருக்குத் தெரிந்தது பல்.

செயற்கைப் பல் செட் செய்வது அவர் தொழில். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் பல் நட்டு, வேகவைத்து, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். ஊரார் வாயெல்லாம் அவர் கையில். அவர் வாய் மட்டும் அதிகம் திறக்காது. இருபது வருடம் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்தவர்.

அவர் மனதில் ஒரு படம் இருந்தது. தார் ரோடு முடிகிறது. வண்டி நிற்கவில்லை. உள்ளே மூன்று பேர். அவ்வளவுதான் படம். அதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். புதியதற்கு வழியில்லை. பழையது போதும்.

மகளுக்குப் பதினான்கு. இன்னும் இரண்டு வருடம் கூப்பிட்டால் வருவாள். அதற்கப்புறம் கூப்பிட்டதற்குக் காரணம் கேட்பாள்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஜீப் என்றதும் அவள் பரணைப் பார்த்தாள். பரணில் ஒரு கூடாரம் இருந்தது, ஒரு தூண்டில் இருந்தது, நட்சத்திரம் பார்க்கும் குழாய் இருந்தது. வாங்கும்வரை பல்காரருக்கு எதன்மேலும் உயிர். வாங்கிய மறுவாரம் கடை திறந்துவிடுவார்.

"ஜீப்பு பரண்ல ஏறாது" என்றார் பல்காரர்.

"ஏறாதுதான்" என்றாள் அவள். "தனியாப் போனா உங்களை ஏமாத்திடுவாங்க. நாங்களும் வர்றோம். மெக்கானிக்குக்கு நான் சொல்லிக்கிறேன்."

மெக்கானிக் அவளுடைய பழைய மாணவன். கணக்கில் தேறவே மாட்டான் என்றிருந்தவனை மூன்று மாதம் வீட்டில் உட்கார வைத்துத் தேற்றியிருந்தாள். இன்றும் அவள் நின்றால் அவன் உட்கார மாட்டான்.

அருகில் இருந்த வண்டிகள் எல்லாம் தள்ளுபடியானதால், பல்காரர் தூரத்தில் தேடினார். அதில் ஒரு சங்கடம். இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் ரோடு இல்லாத இடத்தில்தான் இருந்தார்கள். அங்கே போகப் பல்காரர் வீட்டில் இருந்தது ஒரு சின்னக் கார். தவளை தாண்டினாலும் அடி தட்டும் உயரம்.

ஐந்தாவது ஜீப் ஒரு கல் குவாரியில். போகும் வழியில் காரின் சைலன்சர் கழன்று விழுந்தது. மகள் இறங்கிப்போய், இடிந்த வேலியிலிருந்து கம்பி பிடுங்கி வந்தாள்.

"கை சுடும்டி" என்றாள் அம்மா.

"ஆறட்டும். அதுவரைக்கும் முட்டை குடு."

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து மூன்று பேரும் வேகவைத்த முட்டை தின்றார்கள். பிறகு மகள் கட்டினாள். குவாரிக்குப் பத்து மணிக்குப் போனார்கள். பைக்கில் முன்பே வந்திருந்த மெக்கானிக் பத்தரைக்கு வேண்டாம் என்றான். கியர் பெட்டியில் முனகல்.

பல்காரர் காதை வைத்துக் கேட்டார். எதுவும் முனகவில்லை.

"உங்களுக்குக் கேக்காது சார். பழகின காது வேணும்."

ஆறாவது ஜீப் ஓடைக்கு அக்கரையில். கார் நடு ஓடையில் நின்றது. பல்காரர் தள்ளினார். மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினாள். மகள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து இருவரையும் அதட்டினாள்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் தள்ளுங்களேன்."

விற்பவர் தன் ஜீப்பைக் கொண்டுவந்து கயிறு கட்டிக் காரை இழுத்துக் கரையேற்றினார். அந்த ஜீப்பைத்தான், அரை மணி நேரம் கழித்து, மெக்கானிக் "இழுவை போதாது சார்" என்றான்.

ஏழாவதற்கு அவனிடம் சொல்லாமலே போவது என்று பல்காரர் முடிவு செய்தார். விலாசத்தை மனைவியிடம் மட்டும் சொன்னார். ஒன்றரை மணி நேரம் புழுதி குடித்துப் போய்ச் சேர்ந்தபோது, மெக்கானிக் விற்பவரோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"காத்து வாக்குல காதுல விழுந்தது சார்."

மனைவி கார்க் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டாள்.

"நாலு சக்கரத்துல மூணுதான் சார் மனசார வேலை செய்யுது" என்றான் மெக்கானிக்.

எட்டாவதும் போனது. அன்று திரும்பும் வழியில் மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். கால் சேறு சீட்டெல்லாம்.

"உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லிடு" என்றார் பல்காரர்.

"நான் எப்போ பிடிக்கலன்னேன்?"

"எட்டு வண்டி பாத்தாச்சு."

"ஒரு பட்டன் வாங்க எட்டுக் கடை ஏறுற ஆளு நீங்க. வண்டிக்கு எட்டு என்ன பெருசு?"

கடையில் மூன்று வாரத்து அச்சுகள் பல்லில்லாத வாயைத் திறந்து காத்திருந்தன. டாக்டர்கள் ஏச ஆரம்பித்திருந்தார்கள். வண்டி மாற்றி வண்டி பார்த்துக்கொண்டே இருக்கும் மனிதனுக்கு வயது மட்டும்தான் ஓடும் என்று அவருக்குத் தோன்றியது. மனதில் இருந்த படத்தில் அந்த மூன்று பேரும் கொஞ்சம் மங்கியிருந்தார்கள்.

ஒன்பதாவது ஜீப் தேனீ வளர்க்கும் ஒருவருடையது. தார் ரோடு முடிந்து, மண் ரோடு முடிந்து, வெறும் சக்கரத்தடத்தில் சின்னக் கார் முக்கால் மணி நேரம் முனகி ஏறியது. மேலே ஒரு ஏரி. ஆள் இல்லை. தண்ணீர் அசையவில்லை.

மெக்கானிக் பைக்கில் முன்னாலேயே வந்திருந்தான். ஜீப் சாவியை வாங்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி ஓட்டிப் பார்க்கப் போனான்.

பல்காரர் கரையில் துண்டை விரித்தார். ரொட்டியைப் பிரித்தபடி சொன்னார்.

"இன்னிக்கோட சரி. இதுவும் வேணாம்னா விட்டுடுவேன். அடுத்த ஞாயிறு கடை திறக்கணும்."

மகள் மெல்வதை நிறுத்தினாள். மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"வாடி, தண்ணியில நிக்கலாம்."

இருவரும் முழங்கால் ஆழத்தில் போய் நின்றார்கள். மகள் என்னவோ சொன்னாள். அம்மா அவள் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள். எத்தனை வருடமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு என்று பல்காரர் கணக்குப் போட்டார். வரவில்லை. கணக்கு அவள் பாடம்.

ஒரு வண்டி மட்டும் இருந்தால், ஞாயிறுதோறும் இப்படி வரலாம். அவர் ஏரியைப் பார்த்தபடி ஏங்கினார். இந்த ஒன்றாவது தேற வேண்டும்.

துண்டின்மேல் மனைவியின் போன் அடித்தது. அவர் கையசைத்தார். அவள் பார்க்கவில்லை. எடுத்துக் காதில் வைத்தார். ஹலோ சொல்லும் முன்பே குரல் வந்தது. மெக்கானிக். ரகசியமாகப் பேசினான்.

"டீச்சர், குப்புறப் படுத்தும் பாத்துட்டேன், மல்லாந்து படுத்தும் பாத்துட்டேன். போன எட்டு மாதிரிதான், இதுலயும் ஒரு குறை கிடையாது. எனக்குத் தெரிஞ்ச கோளாறெல்லாம் சொல்லித் தீந்துபோச்சு. இந்த வாரம் சார்கிட்ட எது கெட்டுப்போச்சுன்னு சொல்லட்டும்?"