அத்தரு போட்ட மல்லிப் பத்தி

கல்மண்டபத்துக் கருவாட்டு நாற்றத்தோடு தனி ஆளாக மல்லுக்கு நின்றவர் எங்கள் அத்தரு ஒருவர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் முதலில் ஒரு மிக்ஸி வாங்கினார். சட்னிக்கு இல்லை, பூ அரைக்க.

கல்யாண மண்டபத்து மாலை, அம்மன் கோயில் மாலை, மாதா பீடத்துப் பூ, வாடியதெல்லாம் அவரிடம் வந்துவிடும். இதழை உதிர்த்துக் காயவைத்து, சாம்பிராணியோடு அரைத்து, ஊதுபத்தியாக உருட்டுவார். ரோஜா இதழில் சோப்பும் உண்டு. ஒரு தடவை மாலையிலிருந்த ஜரிகையையும் சேர்த்து அரைத்துவிட்டார். பத்தி கொளுத்தின வீட்டிலெல்லாம் பொறி பறந்தது. மனிதர் அசரவில்லை, தீபாவளி ஸ்பெஷல் என்று அதையே விற்றார்.

அவருடைய ரகசியம் ஒன்று எனக்கு மட்டும் தெரியும். கொரோனா வந்து போனபோது அவர் மூக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. ஒரு வாசனையும் தெரியாது.

"வெளிய சொல்லிடாத யக்கா. பத்தி போடறவனுக்கு மூக்கு இல்லன்னா எவன் வாங்குவான்? இனிமே நீதான் என் மூக்கு" என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நாற்பது வருஷம் கருவாடு விற்ற மூக்கு அல்லவா? அன்றிலிருந்து நான் முகர்ந்து சரி என்று சொன்னால்தான் பத்தி பொட்டலத்துக்குள் போகும்.

அந்த வருஷம் மாதா தேருக்கு ஐந்நூறு மல்லிப் பத்தி கேட்டார்கள். "குப்பைப் பூ" என்று கேலி பேசிய தெருவின் நடுவே தன் பத்தி புகைய வேண்டும் என்று மனிதர் தூக்கமில்லாமல் திரிந்தார். மாடியில் காயப்போட்ட இதழையெல்லாம் கடல்காற்று அள்ளிப் போனது. மேலே மூட ஒரு வலை கேட்டார். நான் நெத்திலி காயவைக்கும் வலையைக் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை, அவருடைய ரோஜா சோப்பைப் போட்டு இரண்டு தடவை துவைத்துத்தான் கொடுத்தேன்.

பத்தி தயாரானதும் ஒன்றைக் கொளுத்தி நீட்டினார். "வாசன எப்டி கீது யக்கா?"

இழுத்து முகர்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. அதைப் போய் நான் வாயால் சொல்வேனா?

"மல்லிதான்யா! சுத்தமான மல்லி!"

தேர் புறப்பட்டது. பத்தி புகைந்தது. முதலில் ஒரு பூனை வந்தது. முனை திரும்புவதற்குள், மீன்பிடித் துறைமுகத்துப் பூனை மொத்தமும் பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் பவனி வந்தது. டிரம்ஸ் அடிக்கிறவன் குச்சியைப் போட்டுவிட்டு மூக்கைப் பொத்தினான்.

"யோவ் அத்தரு! மாதாவுக்கு பத்தி கொளுத்துனியா, நெத்திலி வறுத்தியா?" என்றான் ஒருத்தன்.

திருவிழாக் கமிட்டித் தலைவர் நேராக வந்தார். "பூவ எதுலய்யா காயவெச்ச? யாரு மோந்து பாத்தது?"

நான் கூட்டத்துக்குள் ஓர் அடி பின்வாங்கினேன். அத்தரு என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் மோந்தேன். எனக்கு மூக்கே இல்ல நைனா. கொரோனாவோட பூட்ச்சி. ஒண்ணும் தெரியாமதான் இத்தினி நாளும் பத்தி போட்டுகினு கீறேன். போதுமா?"

தெருவே சிரித்தது. மறுநாளிலிருந்து அவர் பத்தியை ஒருவரும் தொடவில்லை.

அவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "என் வலை, நான் சொன்ன பொய்யி. என்னைக் கை காட்ட வேண்டியதுதானே?"

மிக்ஸியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நல்ல கருவாடு எது, கெட்டது எதுன்னு உன் மூக்க நம்பித்தான் ஊரே வாங்குது. உனுக்கும் மூக்கு பூட்ச்சின்னு தெரிஞ்சா உன் யாவாரம் இன்னாத்துக்கு ஆவும்? நான் பென்சன்காரன். போ யக்கா, போய் கூடையத் தூக்கு."

இப்போது எண்ணூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மிஞ்சின பொட்டலமெல்லாம் என்னிடம் இருக்கிறது. சாயங்காலம் ஜெபத்துக்கு ஒன்று கொளுத்துவேன். பக்கத்து வீடுகளில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். சாத்தட்டும். இந்தத் தெருவில் எனக்கு ஒருத்திக்குத்தான் அது மல்லியாக மணக்கிறது.