இடித்தவனுக்குப் பச்சை, இடிபட்டவனுக்குச் சிவப்பு

இன்சூரன்ஸ் என்பது போலீஸ் கேட்டால் நீட்டுவதற்கான காகிதம் என்று நம்பி வளர்ந்தவன் நான். (நாகர்கோவிலில் என் ஸ்கூட்டருக்கு அந்தக் காகிதம்கூட இருந்ததில்லை.) ஷார்ஜாவில் ஒரு பழைய கார் வாங்கியபோது கவுண்டரில் இருந்தவர், ஃபுல்லா, தேர்ட் பார்ட்டியா என்று கேட்டார். எது விலை குறைவோ அதைப் போடுங்கள் என்றேன்.

கார் வாங்கியதே ஜெஸிக்காகத்தான். என் மனைவி நர்ஸ். நைட் டூட்டி முடிந்து இரண்டு பஸ் மாறி, நின்றபடியே தூங்கிக்கொண்டு வருவாள். கார் வந்த பிறகுதான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

அதுவும் கொஞ்ச நாள்தான். ஒரு மாலை எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வேன் சாவகாசமாக ரிவர்ஸில் வந்து என் பானட்டை நசுக்கியது. ரேடியேட்டர் தண்ணீர் தரையில் ஓடியது. இறங்கி வந்த டிரைவர் என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே அழ ஆரம்பித்தான். தூத்துக்குடிக்காரன், பெயர் அந்தோணி.

"அண்ணாச்சி, இது கம்பெனி வண்டி. இன்னொரு செவப்பு பேப்பர் வாங்குனா என்னய ஊருக்கு அனுப்பிருவாவ."

இங்கே விபத்து நடந்தால் போலீஸ், தப்பு செய்தவனுக்குச் சிவப்புக் காகிதமும் மற்றவனுக்குப் பச்சையும் கொடுக்கும். அது இல்லாமல் எந்த ஒர்க்‌ஷாப்பும் வண்டியைத் தொடாது. நமக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே, எந்தக் கலர் வந்தால் என்ன என்று எனக்குள்ளிருந்த வள்ளல் எழுந்துவிட்டான். நான்தான் பின்னாலிருந்து மோதினேன் என்று போலீஸ்காரரிடம் சொன்னேன். அவர் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கலாஸ், முடிந்தது என்று சிவப்பை நீட்டினார்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். தேர்ட் பார்ட்டி என்றால் நான் இடித்த வண்டியைச் சரிசெய்து தருவார்கள். என் வண்டிக்கு ஒன்றும் கிடையாது. பச்சைக் காகிதம் என் கையில் இருந்திருந்தால் வேனின் இன்சூரன்ஸே என் காரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அப்போதும் அதையேதான் சொன்னாள்.

கைக்காசைப் போட்டுச் சரிசெய்வதென்றால் கார் வாங்கிய விலையே ஆகும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். ஜெஸி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். டூட்டி ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து, "அப்போ இனி பஸ்தான், இல்லியா?" என்றாள். எனக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் அந்தோணி மீன் குழம்புத் தூக்கோடு வந்தான். கீழே நின்ற வேனின் பின்பக்கம் என் இன்சூரன்ஸ் புண்ணியத்தில் பளபளத்தது. கதவைத் திறந்த ஜெஸி குழம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"காலையில உங்க வேன் ஆஸ்பத்திரிப் பக்கம் எத்தனை மணிக்கு வரும்?"

இன்றுவரை அவள் வீடு திரும்புவது அதில்தான். லீவில் ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள், துபாயில் என்ன கார் வைத்திருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்பார்கள். (அவர்களுக்கு ஷார்ஜாவும் துபாய்தான்.) நான் வாயைத் திறப்பதற்குள் ஜெஸி முந்திக்கொள்வாள்.

"எல்லாருக்க மாப்பிளயும் கார்தான் வாங்கிக் குடுப்பாவ. இவிய எனக்கு டிரைவரோட வேனே பிடிச்சுத் தந்திருக்காவ. அதுக்குக் காரை முட்டக் குடுத்தாப் போதும்."