மூன்றாம் ஓலையும் உளவுத்துறை அண்ணாச்சியும்

தூத்துக்குடியில் கட்சி பார்க்காமல் தும்மக்கூட முடியாத ஒரே மனிதர் எங்கள் 'உளவுத்துறை' அண்ணாச்சிதான். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஆபீசில் எனக்கு அடுத்த மேஜை. பில் போடுவது சம்பளத்துக்கு. யார் எந்தக் கட்சி என்று துப்பறிவது ஆத்மதிருப்திக்கு.

அவர் கட்சிக்காரர் "சாப்டீங்களா?" என்று கேட்டால் பாசம். அவருக்கு ஆகாத 'அந்தக் கட்சி'க்காரர் கேட்டால், "வயித்தையே வேவு பாக்கான்லே" என்பார். டீயில் சீனி குறைந்தாலும் இதே கதை. தன் கட்சி மாஸ்டர் போட்டால் உடம்புக்கு நல்லது, அடுத்தவன் போட்டால் சதி. நான் எந்தக் கட்சி என்று பத்து வருஷமாகியும் பிடிபடாததால், என் முன்னால் போனைக்கூடக் கவிழ்த்துத்தான் வைப்பார்.

இப்படிப்பட்டவர் மகள் ஜெனிக்குப் போன வருஷம் பக்கத்து மீனவ ஊரான தருவைகுளத்தில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் பங்குக் கோயிலான மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கு இன்னார் என்ற அறிவிப்பு, வாசித்தாயிற்று. மூன்றாவதும் வாசித்து, தடை சொல்ல யாரும் எழாவிட்டால் கல்யாணம்தான். அதற்குள் மனுஷன் சம்பந்தியின் மீன்பிடிப் படகைப் போட்டோவில் பார்த்துத் தொலைத்தார்.

"முழுப் படகும் அந்தக் கட்சிக் கலருலே! ஞாயித்துக்கிழமை நானே எந்திரிச்சுத் தடை சொல்லுதேன்."

"சித்தப்பா, நீங்களாவது அப்பாட்ட சொல்லுங்க" என்று ஜெனி போனில் அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணாச்சியை பைக்கில் ஏற்றித் தருவைகுளம் கரையில் இறக்கினேன். வரிசையாக நின்ற அத்தனை படகும் அதே கலர்.

"ஏலே, ஊரையே வளைச்சுட்டானுவளே!"

சம்பந்தி சிரித்துவிட்டார். "எந்த ஊருப் படகுன்னு தெரியணும்லா? கவர்மெண்டு சொன்ன பெயிண்டு, சம்பந்தி."

"உத்தரவு போட்டது எவன் ஆட்சி?"

"உங்க ஆட்சிதான்."

அண்ணாச்சி படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். "நல்ல கலருதான்" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஞாயிறு பூசையில் அவருக்குப் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், தேவைப்பட்டால் சட்டையைப் பிடித்து இழுக்கலாமே என்று. சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்து, "தடை இருந்தால் தெரிவிக்கவும்" என்றதும் அண்ணாச்சி எழுந்துவிட்டார். ஜெனி முகம் வெளிறிப்போயிற்று. நான் சட்டையைப் பிடித்தேவிட்டேன். அவரோ வாயே திறக்காமல், கோயிலை பெஞ்சு பெஞ்சாக முறைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன், காதோரம்.

"வேற எவனும் எந்திரிக்கானான்னு பாத்தேன்லே. எம் புள்ள கல்யாணம்லா?"

அந்தச் சந்தேகக் கண் இரண்டும் நிறைந்திருந்தன. பிடித்த சட்டையை விட எனக்கு மனசு வரவில்லை.